பெய்ராசாக் ஊரின் எட்டுக் கால்கள்

பெய்ராசாக் ஊரின் சரித்திரத்தை இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம்: நகர மாட்டோம்.

எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வடக்கிலிருந்து பெரும்படை ஒன்று தெற்கையெல்லாம் கொளுத்திக்கொண்டு வந்ததாம். பெய்ராசாக்கின் கோட்டைவாசலில் ஒரு கோவேறு கழுதை குறுக்கே நின்றுவிட்டது. படைத்தலைவன் தீவனம் காட்டினான், பிரம்பால் விளாசினான், கூட வந்த பிஷப்பைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொன்னான். கழுதை வாலைக்கூட ஆட்டவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று படை வேறு ஊரைப் பார்த்துப் போய்விட்டது. நகரத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர், அந்தப் படை இந்தப் பக்கமே வந்ததில்லை என்று ஒருமுறை மேடையேறிச் சொல்லிப் பார்த்தார். ஊரே எழுந்து கைதட்டியது. "பாத்தீங்களா, நம்ம கழுதைக்குப் பயந்துக்கிட்டு இந்தப் பக்கமே வரல்ல!"

அன்று முதல் எது வந்தாலும் குறுக்கே நிற்பதுதான் இந்த ஊரின் குணம். ரயில் வந்தபோது குறுக்கே நின்றார்கள். தண்டவாளம், ஆறு வருகிற மேல்பக்கம் எட்டு கிலோமீட்டரில் இருக்கும் கோம்பெல் ஊர் வழியாகப் போய்விட்டது. நெடுஞ்சாலை வந்தபோதும் நின்றார்கள், அதுவும் கோம்பெல்லுக்கே போயிற்று. இன்றைக்கும் பெய்ராசாக்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் கோம்பெல்லுக்குத்தான் போயாக வேண்டும். போகிற வழியெல்லாம் கோம்பெல்காரர்களைத் திட்டிக்கொண்டே போவார்கள், அதில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் அன்று, அந்தக் கழுதை மறுபடியும் எழுந்து வரும். மரச்சட்டத்தில் செய்து, மேலே துணித்தோல் போர்த்திய கழுதை. ஒரு சின்ன லாரி உயரம் இருக்கும். உள்ளே எட்டு ஆண்கள் தோள்கொடுத்து ஆட வைப்பார்கள். அவர்களுக்குப் பெயர் 'கால்கள்'. கால் ஆவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அப்பன், தாத்தன், முப்பாட்டன் மூன்று பேரும் ஊருக்கு மேலே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில், அதாவது மேல்கல்லறையில், புதைந்திருக்க வேண்டும். மூன்று தலைமுறை மண்ணுக்குள் போனால்தான் நான்காவது ஆள் மண்ணின் மைந்தன். பெண்களைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. அவர்களை விலக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

நொர்பேர் கபானெலுக்கு வயது அறுபத்தொன்று. நாற்காலி, சோபாக்களுக்கு மெத்தை தைப்பது தொழில். இருபத்தைந்து வயதில் ஒதெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு பெய்ராசாக்குக்கு வந்தார். எங்கிருந்து வந்தார் என்பதுதான் சிக்கல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தால்கூட ஊர் மறந்திருக்கும். அவர் கோம்பெல்லிலிருந்து வந்தவர். முப்பத்தாறு வருஷம் கழித்தும் ரொட்டிக்கடைக்காரி அவரைப் பார்த்து, "எங்க ஊரு ரொட்டி பழகிடுச்சா?" என்று கேட்பாள்.

கழுதைக்குத் தோல் தைப்பது மட்டும் அவர்தான். மரச்சட்டம் மாதா கோயிலில் பூட்டிக் கிடக்கும். தோலைக் கழற்றி அவர் பட்டறைக்கு அனுப்பிவைப்பார்கள். கூலி வாங்க மாட்டார். திருநாளன்று சட்டைப்பையில் ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு, எங்காவது கிழிந்தால் ஓடுவதற்குத் தயாராகக் கழுதைக்குப் பக்கத்திலேயே நடந்து வருவார். கழுதை கோட்டைவாசலில் குறுக்கே நிற்கும், ஊர் மூச்சை அடக்கும், பிறகு ஒரே கூச்சல் எழும். அந்த நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவருக்கு முப்பத்தாறு வருஷமாக ஏக்கம். இதை வெளியில் சொல்ல அவர் வெட்கப்பட்டதும் இல்லை. ஒதெத்துக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்த வருஷம் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வலது பின்காலான மார்சலேன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கழுதைக் கமிட்டி காப்பிக்கடையில் அவசரமாகக் கூடியது. தலைவர் மெதார் பூஜோல், எண்பத்தொரு வயது, முன்னாள் மருந்துக்கடைக்காரர். அந்தக் காலத்தில் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவனுக்குக்கூட ஊர் சரித்திரம் கொஞ்சம் கலந்து கொடுத்தவர்.

நொர்பேர் எழுந்து நின்றார். "ஐயா, என் தோளு ரெண்டும் நல்லா இருக்கு. நான் வர்றேனே."

யாரோ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"தம்பி, உங்க தாத்தா எங்க இருக்கார்?" என்றார் பூஜோல், மிகவும் அன்பாக.

"கோம்பெல் கல்லறையில."

"அப்பா?"

"அவரும் அங்கதான்."

"பாவம்," என்றார் பூஜோல். என்னவோ அவர்கள் செத்ததைவிட அங்கே புதைந்ததுதான் பெரிய துக்கம் என்பதுபோல.

"ஐயா, எட்டு கிலோமீட்டர்தானே! ஏழு காலோட கழுதை நொண்டாதா?"

"நொண்டட்டும் கோம்பெல்காரரே," என்று கத்தினான் இடது முன்காலான செராஃபேன், திராட்சைத் தோட்டக்காரன். "நொண்டினாலும் நம்ம கழுதையா நொண்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நொர்பேரும் சிரித்தார், சிரிக்காவிட்டால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று. கடைசியில் பூஜோல் தன் பேரன் திபோவை வரவழைப்பது என்று முடிவாயிற்று. திபோ பிறந்தது வடக்கே லீல் நகரத்தில், வளர்ந்தது லீலில், வேலை பார்ப்பது லீலில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில். பெய்ராசாக் என்ற பெயரையே அவன் வடக்கத்தி நாக்கால் இரண்டாக மென்று துப்புவான். ஆனால் மேல்கல்லறையில் அவனுக்கு மூன்று தலைமுறை படுத்திருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் காலை பூஜோல் பேரனை அழைத்துவர கோம்பெல் ஸ்டேஷனுக்குப் போனார். ரயில்வேயில் வேலைநிறுத்தம். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று தகவல் வந்தது. இங்கே கோயிலில் எலி கழுதையின் கழுத்தைக் கடித்துப் பெரிய ஓட்டை போட்டிருந்தது. வழக்கமாகத் தோலைச் சட்டத்தில் மாட்டும்போது பூஜோல் கூடவே நின்று, கழுத்துப் பக்கம் மட்டும் தானே ஆணியடிப்பார். அன்று அவர் இல்லை. நாளை விடிந்தால் திருநாள். நகரசபைக் குமாஸ்தா, "நீங்களே தைச்சு முடிச்சிடுங்க, நான் சாப்பிடப் போறேன்," என்று கோயில் சாவியை நொர்பேர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நொர்பேர் முதன்முதலாகக் கழுதையின் வயிற்றுக்குள் நுழைந்தார். கழுத்துக்குக் கீழே, முன்கால்கள் தோள்கொடுக்கும் குறுக்குக்கட்டையில், ஒரு தோல் பட்டை ஆணியடித்துத் தொங்கியது. எலி அதையும் பாதி தின்றிருந்தது. மாற்றிவிடலாம் என்று பிய்த்தார். அடியில் கட்டையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட எழுத்து இருந்தது. "கோம்பெல் ஊர்ப் பொதுச்சொத்து. 1868."

அவருக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தார்.

கோம்பெல்லில் பிறந்த எவருக்கும் அந்தக் கதை தெரியும். அவர்களிடமும் ஒரு கழுதை இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தில் வந்த பெருவெள்ளத்தில் ஆற்றங்கரைக் கொட்டகையோடு அது அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்கள் வேறு கழுதை செய்யவில்லை. வருஷா வருஷம் மாதா திருநாள் காலையில், பாலத்திலிருந்து ஒரு கூடைத் தீவனத்தை ஆற்றில் கொட்டுவார்கள், போன கழுதைக்கு. சின்ன வயதில் நொர்பேரும் கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறார். தீவனம் ஆற்றோடு மிதந்து பெய்ராசாக்குக்கு வரும். பெய்ராசாக்கின் வாத்துகள் கோம்பெல்லின் துக்கத்தைத் தின்று கொழுக்கும். கழுதையும் அதே ஆற்றில், அதே வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கரையில் ஒதுங்கியதை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதற்கு எண்ணூறு வருஷத்துச் சரித்திரத்தையும் போர்த்திவிட்டார்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் முழுக் கழுதையையே மறைத்தவர்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து ஒதெத்திடம் சொன்னார். ஒதெத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எங்க அப்பன் நாப்பது வருஷம் அதுக்குக் காலா இருந்தான். வீட்டுல ஒரு நாள் மூச்சு விட்டானா பாரு! திருட்டுப் பயலுக!"

"அண்ணன்கிட்டச் சொல்லணும் ஒதெத். பாவம், இன்னும் தீவனம் கொட்டிக்கிட்டிருக்காங்க."

"சொல்லு. இப்பவே போன் போடு."

நொர்பேர் போனைக் கையில் எடுத்தார். அண்ணன் அஷீலின் எண் முழுவதையும் அழுத்தாமல் பாதியில் நிறுத்தினார்.

"முதல்ல பூஜோல் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்," என்றார்.

ஒதெத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது எதுக்கு?" என்றாள். அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

பூஜோல் ஐயா ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வரவேற்பறையில் பேரன் திபோ மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். வைக்கோல் வாசனை அவனுக்கு ஆகாதாம். நொர்பேர் வாசலிலேயே நின்றுகொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னார்.

"ஐயா, கட்டையில எழுதியிருக்கறதைப் பாத்துட்டேன். நாளைக்கு நான் கழுதைக்குள்ள போகணும். இல்லேன்னா மேடையில ஏறி எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

கிழவர் பதறுவார், காலில் விழுவார் என்று அவர் எதிர்பார்த்தார். பூஜோல் பேரனை உள்ளே போகச் சொல்லிவிட்டு, இரண்டு கிளாஸில் பஸ்திஸ் என்ற சோம்புச் சாராயத்தை ஊற்றித் தண்ணீர் கலந்தார்.

"எனக்குப் பதினெட்டு வயசுல எங்க அப்பா காட்டினார்," என்றார். "எட்டு காலுக்கும் தெரியும். இதுக்கு முன்னாடி இருந்த எட்டு பேருக்கும் தெரியும். உள்ள போற எவனும் என்னைக்காவது அந்தப் பட்டையைத் தூக்கிப் பாக்காம இருப்பானா? அதனாலதான் மூணு தலைமுறைச் சட்டம். நீங்க என்ன நெனச்சீங்க, நாங்க வேலையத்துப் போய்க் கல்லறையை எண்ணிக்கிட்டிருக்கோம்னா?"

நொர்பேருக்குக் கோபம் வந்தது. "அப்ப அதை இழைச்சு எடுத்துட வேண்டியதுதானே?"

பூஜோல் திடுக்கிட்டார். "நூத்தம்பது வருஷப் பழைய எழுத்து தம்பி! பாரம்பரியத்துல போய்க் கை வைக்கலாமா?"

இருவரும் குடித்தார்கள். பிறகு கிழவர் மெதுவாகச் சொன்னார், "பாக்காத வரைக்கும் நீங்க வெளியாளு. இப்பப் பாத்துட்டீங்க. இனிமே உங்களை வெளிய வெச்சிருக்கறதுதான் ஆபத்து. சத்தியம் பண்ணுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு. நாளைக்கு வலது பின்கால் உங்களது."

யோசிக்க நேரம் வேண்டும் என்று ஒரு நல்ல மனிதன் கேட்டிருப்பான். நொர்பேர் முப்பத்தாறு வருஷமாக யோசித்து முடித்தவர். கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் பண்ணினார். உள்ளே திபோ சந்தோஷத்தில் பெரிதாக ஒரு தும்மல் போட்டான்.

மறுநாள் பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. கோம்பெல்லிலிருந்து வழக்கம்போல் ஐம்பது அறுபது பேர் வேடிக்கை பார்க்க வந்து, வழக்கம்போல் கேலி வாங்கிக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். நொர்பேர் வலது பின்காலாக உள்ளே போனார். உள்ளே வியர்வை நாற்றம், பூண்டு நாற்றம், சோம்புச் சாராய வாடை. முன்னால் ஒருவனின் முதுகு, அவ்வளவுதான் தெரிந்தது. கால்கள் எல்லாம் தங்கள் முழங்கால் வலியைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தன.

"கோம்பெல்காரரே, என் குதிகாலை மிதிக்காதீங்க," என்றான் செராஃபேன் முன்பக்கத்திலிருந்து.

"அவர் உன் பக்கத்துலயே இல்லைடா," என்றான் இன்னொருத்தன். "அது என் காலு."

கோட்டைவாசல் வந்தது. கழுதை குறுக்கே நின்றது. வெளியே ஊர் மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு கூச்சல் எழுந்தது, மரச்சட்டமெல்லாம் அதிர்ந்தது. நொர்பேர் அழுதார். உள்ளே இருட்டு, யாரும் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருஷம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று நினைத்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது ரொட்டிக்கடைக்காரி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "நம்ம நொர்பேர்!" என்றாள். படர்ந்து நின்ற பிளேன் மர நிழலில் மேஜை போட்டிருந்தார்கள். ஒதெத் அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணன் அஷீல், அறுபத்தெட்டு வயது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று கிளாஸ் உள்ளே போயிருந்தது, முகம் சிவந்திருந்தது.

"டேய் தம்பி, உள்ள விட்டுட்டாங்களா உன்னை! வா, வா, உக்காரு." அஷீல் அவர் தோளில் ஓங்கி அடித்தார். "உள்ள என்னடா இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே. இருட்டு."

ஒதெத் ஆலிவ் காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளு, ஒரு சந்தோஷ சமாச்சாரம்," என்றார் அஷீல். "எங்க நகரசபையில முடிவு பண்ணிட்டோம். நாங்களும் ஒரு கழுதை செய்யப்போறோம். ஆத்தோட போனது மாதிரியே. அப்பா சொல்லுவாரே, காது ரெண்டும் இம்மாம் பெரிசு, நெத்தியில வெள்ளைப் பொட்டுன்னு. நீதான்டா தோல் தைக்கணும். உன்னை விட்டா யாரு இருக்கா?"

நொர்பேர் கழுதையின் பக்கம் திரும்பவில்லை. அங்கே இரண்டு பெரிய காதும் நெற்றியில் வெள்ளைப் பொட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் பூஜோல் ஐயா கிளாஸைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் இருந்தார். செராஃபேனும் பேச்சை நிறுத்திவிட்டான். கால்கள் எல்லாம் காதாகிவிட்டன.

"கோம்பெல்லுக்கு எதுக்கண்ணே கழுதை?" என்றார் நொர்பேர். "எங்க கழுதையைப் பாத்துக் காப்பியடிச்சீங்கன்னு எல்லாரும் சிரிப்பாங்க."

அஷீல் முதலில் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் சிரிப்பும் மெல்ல அடங்கியது. கிளாஸைத் தள்ளி வைத்தார். "சரிடா," என்றார். "நல்லா இரு." தொப்பியைத் தேடினார். அது மேஜைமேலேயே இருக்க, அவர் கீழே குனிந்து தேடுவதைப் பார்த்தபோது நொர்பேருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பின்னாலிருந்து பூஜோல் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தபோது, அந்தத் தட்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

ஒதெத் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அஷீல் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், நீங்க குடிச்சிருக்கீங்க, வண்டி ஓட்ட வேண்டாம். சாவியைக் குடுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

"நான் விடறேன்," என்றார் நொர்பேர் அவசரமாக.

"நீ எப்படி வருவே? நீ காலாச்சே. கழுதையைக் கோயிலுக்குக் கொண்டு போகணும்." அவள் குனிந்து அவர் காதருகில் வந்தாள். "எட்டு கிலோமீட்டர் தூரம் போகணும், பேசாம போக முடியுமா? சத்தியம் வாங்காமயா உன்னை உள்ள விட்டிருப்பாங்க? அதைப் பண்ணினது நீங்க எட்டு பேரும். இந்த ஊருல என்னை யாரு என்ன கேட்டாங்க, சொல்லு?"

அவள் அஷீலைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போனாள். கார் கதவுகள் இரண்டும் சாத்திக்கொண்டன. வண்டி கோட்டைவாசலைத் தாண்டி ஆற்றுப்பாதையில் திரும்பியது.

"ஒதெத் எங்க போறா?" என்று கேட்டார் பூஜோல்.

"அண்ணனை விடப் போறா."

"நல்ல பொண்ணு," என்றார் பூஜோல் மனம் நிறைந்து. "அவ அப்பன் நாப்பது வருஷம் நம்ம கழுதைக்குக் காலா இருந்தவன். அந்த ரத்தம் எங்க போகும்?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நொர்பேர் வாயைத் திறக்காமல் நின்றார். சுற்றிலும் ஊர் அவர் பெயரைச் சொல்லிக் கிளாஸைத் தூக்கியது.